கணக்கு முடிந்தது

உரைகல்லில் இழுத்த கோட்டைப் பார்த்தே
மாற்றுச் சொல்லிவிடுவேன்.
அமிலமெல்லாம் அப்புறம்.
சூரமங்கலம் கூட்டுறவு வங்கியில்
பதினோரு வருஷம் நகை மதிப்பீட்டாளர்,
பெயர் ஞானாபரணம்.
(பெயரிலும் நகை உண்டு. உரசிப் பார்க்காதீர்கள்.)

ஆறு பொட்டலம்.
ஆறிலும் பித்தளைக்கு மேல் பூச்சு.
சொக்கத் தங்கம் என்று எழுதிக் கையெழுத்திட்டது
இந்தக் கை.
பொட்டலத்துக்கு எட்டாயிரம் எனக்கு.
மகளின் கல்லூரிக்கு என்று
எனக்கே ஒரு பொய் வைத்திருந்தேன்,
அதையும் உரசவில்லை.

லெந்து நாட்களில் தணிக்கை வந்தது.
தராசுத் தட்டில் ஒரு சங்கிலியை வைத்துவிட்டு
அந்தப் பையன், முப்பது வயதிருக்காது,
என்னைப் பார்த்தான்.
நாலு லட்சத்து எண்பதாயிரம்.
விசிறிக் காற்றில் ஒரு சீட்டு பறந்தது.
யாரும் குனிந்து எடுக்கவில்லை.

மத்தியானம் ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினேன்.
எதற்கென்று இங்கே எழுத வேண்டாம்.
கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும்
நம்பர் போட்டிருக்கிறார்கள்.
பதினேழாவதில் ஒரு குழந்தை
என் சட்டையில் வாந்தி எடுத்தது.
அதன் அம்மா ஆரஞ்சுத் தோலை நீட்டி
"மோந்துக்கங்க சார், உங்களுக்கும் மூஞ்சி சரியில்ல" என்றாள்.
ஏரிக்கரையில் சட்டையைக் கழுவிக்கொண்டு
அடுத்த பஸ்ஸில் இறங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை மேனேஜர் அருமைநாயகம்
கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு
ஆறு ரசீதுகளை என் பக்கம் நகர்த்தினார்.
அசல், வட்டி, அபராதம்.
ஒவ்வொன்றிலும் ஊதா முத்திரை:
கணக்கு முடிக்கப்பட்டது.
செலுத்தியவர் என்ற இடத்தில்
அவர் கையெழுத்து.
"நாளையிலேர்ந்து வர வேண்டாம் ஞானம்."
திட்டு என்று பார்த்தால் அவ்வளவுதான்.

மே மாதம் அவருக்கு ஓய்வு.
கோரிமேட்டில் வீடு எழும்பிக்கொண்டிருந்தது.
அந்த வாரத்தோடு நின்றது.

பெரிய வெள்ளி. அஸ்தம்பட்டிக் கோயில்.
கரண்ட் போய் மூன்று மணி நேர ஆராதனை.
போதகர் ஆறாம் வார்த்தைக்கு வந்தபோது
கண்முன் வந்தது அந்த ஊதா முத்திரை.
ஒருவனைக் கொன்றால் நம்மூரில்
கணக்கை முடிச்சுட்டாங்க என்பார்கள்.
கடனைக் கட்டினாலும் அதே பேச்சு.
இரண்டும் ஒரே பகலில்
ஒரே மரத்தில் நடந்ததை
நாற்பத்தொன்பது பெரிய வெள்ளி
விசிறிக்கொண்டே கேட்டிருக்கிறேன்.
மீட்பர் என்று பாடியிருக்கிறேன்,
தினம் நாற்பது பேர் சீட்டை நீட்டி
"மீட்கணும் சார்" என்று நிற்கும்
ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவன்.
போலி நகையை மீட்க எவனும் வரமாட்டான்,
எங்கள் தொழிலில் அரிச்சுவடி அது.
ஒருவர் வந்தார்.
பித்தளை என்று தெரிந்தே வந்தார்,
தங்கத்தின் விலையோடு.

இப்போது செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசு எடை போடுகிறேன்.
மாதம் இரண்டாயிரம் கவரில் போட்டு
அவரிடம் கொண்டு போனேன்.
மூன்று மாதம் திருப்பிக் கொடுத்தார்.
"எந்தக் கணக்குல வரவு வைக்கிறது?
முடிச்சாச்சேப்பா."
கோபம் வந்தது எனக்கு.
கடன்காரனாக இருந்திருந்தால்
தவணைக்குத் தவணை
தலை நிமிர்ந்திருப்பேன்.
சும்மா வாங்கிக்கொள்ள இத்தனை தெம்பு வேண்டுமென்று
எந்தப் பிரசங்கத்திலும் கேட்ட ஞாபகம் இல்லை.
ரசீதுகளைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.
விசுவாசம் என்று எனக்கு வாய்த்தது
இன்றைக்கு இவ்வளவுதான்.

கோரிமேட்டில்
சேர்வராயன் மலைக்கு எதிரே
கம்பி நீட்டிக்கொண்டு நான்கு தூண்கள்.
(மூன்றாக இருந்தால் உவமைக்கு ஆகியிருக்கும்.)
ஒற்றை அறைக்குத் தகரம் போட்டுக்
குடியேறிவிட்டார்.
ஞாயிறு கோயில் முடிந்ததும் போய்
புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.
கூலி பற்றி அவரும் பேசவில்லை,
கடனைப் பற்றி நானும்.

நேற்றுக் கம்பியைப் பிடித்து ஏறியபோது
உள்ளங்கையெல்லாம் துரு.
பழக்க தோஷம்,
சுவரில் உரசிப் பார்த்தேன்.
சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.