ஏழாவது கேள்விக்குறி

களியக்காவிளை எடைமேடையில்
ராத்திரி இரண்டே முக்காலுக்கு
மீன்வண்டி ஓட்டும் வள்ளவிளை லூக்காஸ்
சீட்டை என் மேசையில் வைத்துவிட்டு
ஒன்றும் பேசாமல் நின்றான்.
வெளியே ஐஸ் உருகித் தார்ரோடு கறுத்துக்கொண்டிருந்தது.

நம்பர் சரி. சரக்கு சாளை, அதுவும் சரி.
வெறும் வண்டியின் எடை மட்டும்
அவனுக்கு முன்னால் ஏறி இறங்கிய
வைக்கோல் லாரியுடையது.

"எனக்க வண்டி என்ன ஆனையா பிள்ளே?"

ஆயிரத்து முந்நூறு கிலோ சாளையை
நான் எழுதிய ஒரு வரி தின்றிருந்தது.

அந்த வரியில் ஏழு கேள்விக்குறிகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு மதிப்பைக் கட்டவேண்டும்.
பெயரை அப்படியே வாக்கியத்துக்குள் ஒட்டக்கூடாது என்பது
முதல் மாதமே பட்டுத் தெரிந்தது:
தூத்தூர் டி'குரூஸின் பெயருக்குள் கிடந்த
தூண்டில்முள் அளவு ஒற்றைக் கொக்கி
வாக்கியத்தை நடுவில் முறித்து
பதினெட்டு வண்டிகளை ரோட்டில் நிறுத்தியது.
அதன்பிறகு எல்லாம் கட்டித்தான் அனுப்புகிறேன் என்று
டீக்கடைவரை சொல்லித் திரிந்தேன்.

கட்டினேன்.
ஆறை.

ஏழாவதுக்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தேன்,
வெறும் எடை தெரிந்தால் கட்டு.
தெரியாவிட்டால்?
எழுதவில்லை.
இயந்திரம் பிழை என்று கத்தியிருந்தால் பிழைத்திருப்பேன்.
அது முன்னே போனவன் விட்டதை எடுத்துப்
பின்னே வந்தவனுக்கு உடுத்திவிட்டது,
ஈரம்கூடக் காயாமல்.

திரையில் விரல் வைத்து எண்ணினேன்.
பாறசாலைப் பக்கத்திலிருந்து ஒருவன்
ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தான்.
பதினொரு ராத்திரி, இருநூற்று ஆறு சீட்டு.
எடை குறைந்தவர்கள் நாளைக்கே வருவார்கள்.
கூடியவர்கள் வரமாட்டார்கள்;
அவர்களை நான்தான் தேடிப் போகவேண்டும்.

தெரியாது என்பதையும் கட்டவேண்டும்.
இல்லை என்பதும் ஒரு மதிப்பு,
அதற்கும் ஓர் இடம், ஒரு முடிச்சு.
இரண்டே வரி. கை நடுங்கி மூன்று தடவை அடித்தேன்.

புதுச் சீட்டில் ஏழாவது கட்டத்தில் 'இல்லை' என்று விழுந்தது.
லூக்காஸ் அதை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தான்.
"இதென்ன, இல்லை?"
"இன்னும் எடைபோடல்லன்னு அர்த்தம்.
இறக்கிட்டு வரும்போ ஏறிட்டுப் போங்க."

காலை ஏழரைக்கு வந்தான்.
காலிப் பெட்டிகள், செதில், நாற்றம்.
மேடை லேசாக ஆடி நின்றது:
இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்து.

சீட்டை மடிக்காமல் ஒவ்வொரு வரியாக வாசித்தான்.
அவன் முடிக்கும்வரை
அடுத்த வண்டியை நான் கூப்பிடவில்லை.