நம்

சிரம்பானுக்கு அனுப்பவேண்டிய அறிக்கையில்
நேற்றிரவு பதினொன்றரை வரை
ஒரே வாக்கியத்தோடு மல்லுக்கட்டினேன்.
உதிரிப்பழம் பொறுக்கும் பாக்கியவதி சொன்னது இவ்வளவுதான்:
"நெஞ்சுக்குள்ள ஆரோ ஒக்காந்து
நெல்லு குத்துறாப்ல இருக்கு டீச்சர்."
கவுன்சிலர் என்ற சொல் இன்னும் தோட்டத்துக்குள் ஏறவில்லை,
அதனால் நான் டீச்சர்.
எழுதியது: ஆங்சைட்டி.
எழுத்துப்பிழை இல்லை.
நெல்லும் இல்லை, உலக்கையும் இல்லை,
குத்திக்கொண்டிருந்தவரும்
எழுந்து போய்விட்டிருந்தார்.

காலையில் பகாவ் வரை மைவியில் பயிற்சி.
கைப்பேசிக்குள் ஒரு வெள்ளைக்காரக் குரல் சொல்லும்,
நான் திருப்பிச் சொல்வேன்.
வெரி வெல். வெரி வெல்.
முதலாவதற்குப் பல், இரண்டாவதற்கு உதடு.
லோரிக்குப் பின்னால் நிற்கும்போது
இரண்டுக்கும் பல்தான் வருகிறது.
ஐ ஹியர் யூ, என்கிறது குரல்.
காது கேட்கிறதா என்று யாரும் கேட்காதபோது
எதற்கு இந்தப் பதில்?
நாமென்றால் ஒரு ஊம் கொட்டுவோம்,
கதை விடிய விடியப் போகும்.
அந்த ஊமுக்கு ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல்
தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

செவ்வாய்தோறும் திரையில் கூட்டம்.
டாக்டர் ஹஸ்னிஸா கடிந்து பேசுகிறவர் இல்லை.
'ஷீ இஸ் ஹேவிங் டூ சில்ட்ரன்' என்று நான் தொடங்கியதும்
மூலையில் ஒரு சதுரம் சிரித்தது,
இருமல்போல் மாற்றிக்கொண்டது.
மைக்கை அணைத்தேன்.
அணைத்த பிறகு
என் வாயிலிருந்து எவ்வளவு நல்ல ஆங்கிலம்!

யுவிஷா அப்புறம்தான் வந்தாள்.
மேனேஜர் மகள், பதினாறு வயது,
கோலாலம்பூர் பள்ளியிலிருந்து பாதியில் திரும்பியவள்.
அந்த வெயிலிலும் மணிக்கட்டு மூடிய சட்டை.
தமிழ் தெரியாது,
மலாய் பரீட்சைக்கு மட்டும்.
தகரக் கூரையில் மழை விழுகிறாற்போலப் பேசினாள்.
மூன்று சொல்லுக்கு ஒன்று பிடிபட்டது.
தலையாட்டிவிடலாம்,
திரையில் அப்படித்தான் பிழைக்கிறேன்.
ஆனால் இவள் கேட்கிறேனா என்று பார்க்கக்கூட இல்லை,
தலையாட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருப்பாள்.

வகுப்புப் பிள்ளைபோல் கையைத் தூக்கினேன்.
ஸ்லோலி, ப்ளீஸ். தட் வர்ட், ஐ டோன்ட் நோ.
மழை நின்றது.
விச் வர்ட்?
நம்.

எனக்குத் தெரிந்த நம் வேறு.
நம் வீடு, நம் லயம், நம் பிள்ளை.
அவள் ஜன்னலைப் பார்த்தபடி யோசித்தாள்.
ஒரே காலில் ரொம்ப நேரம் உட்கார்ந்தால்
அது உன் கால் இல்லாமல் போகும்,
கிள்ளினாலும் வேறு யாரையோ கிள்ளுகிறாற்போல.
ஆனால் இது கால் மட்டும் இல்லை, என்றாள்,
ஒவ்வொரு சொல்லாக,
எனக்காக வேகம் குறைத்து.

"மரத்துப்போச்சு!" என்று கத்திவிட்டேன்.
கவுண்டரிலிருந்து மிஸ்ஸி எட்டிப் பார்த்தார்.
வாட்ஸ் தட்?
கிளினிக் வேலியோரம் மிஞ்சி நிற்கிற
ஒற்றைப் பால்மரத்தைக் காட்டினேன்.
ட்ரீ. பிகம் லைக் ட்ரீ.
இலக்கணம் எங்கே போனதோ தெரியாது.
பட்டையெல்லாம் பழைய வெட்டு,
ஆறி மேடு தட்டியது.
வெகுநேரம் அதையே பார்த்தாள்.
பிறகு சட்டைக் கையை
ஒரு விரற்கடை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வெரி வெல், ஐ ஹியர் யூ எல்லாம்
நாக்கு நுனியில்தான் இருந்தன.
ஊம், என்றேன்.
அவள் மேலே சொன்னாள்.

அறிக்கை இன்று திரும்பி வந்தது.
மூன்று 'தி' சேர்த்து, ஒரு 'இன்' அடித்து,
ஓரத்தில் டாக்டர் ஹஸ்னிஸாவின் குறிப்பு:
நம், கடைசியில் ஒரு பி உண்டு.
எழுத வேண்டும்.
வாயில் வராது.