ரசமட்டம்

மாவுப் பையின் முதுகில் இரண்டே வரி:
இரண்டு கோப்பை மாவு,
ஒன்றரைக் கோப்பை கிரீம்.
அவ்வளவுதானா?
பையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான் வெண்டெல்.
இவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறவர்கள்
பழைய லாரி விற்கிறவர்கள்தான்.

கென்டக்கியின் கிழக்கு மலைப்பக்கம்.
பிப்ரவரி, காலை ஐந்தரை.
இரவெல்லாம் பனிச்சாலையில் உப்புத் தூவிய வண்டி
வாசலில் இன்னும் சூடாக நிற்கிறது.
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
நாற்பத்தாறு வயதில் முதன்முறையாக
அவனின் குமிழைத் திருகுகிறான்.

பிஸ்கட் என்றால் இங்கே
தேநீரில் முக்கும் சில்லு அல்ல.
இரண்டு விரல் உயரம்,
மேலே பொன், உள்ளே பஞ்சு,
பிட்டால் ஆவி.

விவாகரத்தில் டார்லா
இரும்புச் சட்டியைக் கொண்டுபோனாள்,
சல்லடையை, பிஸ்கட் வெட்டும் வளையத்தை,
நாயை.
நாய் அவளுடையதுதான்.
மிஞ்சியது ஜெல்லி வந்த கண்ணாடித் தம்ளர் ஒன்றும்
பையில் அரைக் கோப்பை மாவும்.
மீதிக்கு அலமாரி டப்பாவிலிருந்து அள்ளிப் போட்டான்.
மாவு மாவுதானே.

கிரீம் விழுந்ததும் மாவு முதலில் முறைத்தது,
பிறகு கரண்டியில் ஒட்டியது,
விரலில், கடிகாரத்தில், கதவுக் கைப்பிடியில்.
அதிகம் பிசையாதே என்று
எங்கோ காதில் விழுந்ததுண்டு.
சக்கர நட்டு முறுக்கிப் பழகிய கைக்கு
சும்மா விடு என்றால்
எந்த மொழியில் சொல்வது?

பதினான்கு நிமிடம்.
எட்டு ஓட்டுச் சில்லு.
பையில் இருந்தது தானே உப்பும் மாவு,
டப்பாவில் இருந்தது வெறும் மாவு.
கடித்தான்.
நாற்பது மைல் உப்புத் தூவியவன்
இதில் ஒரு சிட்டிகை போடவில்லை.
உப்பில்லாப் பண்டம் எங்கே போகும் என்று
தமிழில் சொல்லிவைத்திருக்கிறோம்.
கென்டக்கியில் அது
ஜன்னல் வழியாகப் பனியில் போய் விழுந்தது.
காக்கை ஒன்று வந்து பார்த்துவிட்டு
நடந்தே போனது.

அதற்குள் புகை மணி அலறியது.
அவனுக்குள் மறந்துபோன பீட்ஸா அட்டை.

அடுத்த வீட்டு ஒரெட்டா
இரவு உடையில், கையில் தீயணைப்பானோடு.
"எது எரியுது?"
"சமையல்."
"நீயா?"
அவளுக்கும் தெரியாதாம்.
குழாய் டப்பாவை மேசை விளிம்பில் தட்டினால்
டப்பென்று வெடித்து வெளியே வருமே,
அந்த பிஸ்கட்தான் ஆயுள் முழுக்க.
ஆனால் பேக்கிங் பவுடர் இருக்கிறது,
எதற்கு வாங்கினாள் என்பது நினைவில்லை,
தேதி முடிந்து இரண்டு வருடம்.
வெந்நீரில் ஒரு துளி போட்டார்கள்.
நுரைத்தது.
இருவரும் ஏனோ கை தட்டினார்கள்.

மறுபடி மாவு, பவுடர், உப்பு, மிச்ச கிரீம்.
பலகை நடுவே ஒரு கோடு கிழித்து
ஆளுக்குப் பாதி.
அவன் தம்ளரை அழுத்தி, ஒரு திருகு திருகி எடுத்தான்.
அவளால் திருக முடியாது.
கடையில் பொருள்களை ஸ்கேன் செய்து செய்து
மணிக்கட்டில் பட்டை கட்டியிருக்கிறாள்.
நேராக இறக்கினாள்,
நேராகத் தூக்கினாள்.

கதவு திறந்தபோது
அவளுடைய ஐந்தும்
தேவாலயத்தில் எழுந்து நிற்பவர்கள் மாதிரி நிமிர்ந்திருந்தன.
அவனுடைய ஐந்தும்
சாராயக் கடையிலிருந்து வருபவர்கள் மாதிரி.

ருசியில் ஒன்றும் குறைவில்லை.
சோளப் பாகில் புரட்டி ஆளுக்கு மூன்று தின்றார்கள்,
சாய்ந்ததை அவள், நிமிர்ந்ததை அவன்.
பேச்சு வெகுநேரம்
பக்கத்துப் பாலத்தில் உறைந்த பனி பற்றியே.

அவள் போன பிறகும் அவனுக்கு ஆறவில்லை.
வண்டிக்குப் போய்
கருவிப் பெட்டியைக் கிண்டி
ரசமட்டத்தை எடுத்துவந்தான்.
மண்டியிட்டு,
இன்னும் சூடு ஆறாத தட்டின் மேல்
இடப்பக்கம் வைத்துப் பார்த்தான்,
வலப்பக்கம் வைத்துப் பார்த்தான்.

குமிழி
அசையாமல்
நட்டநடுவில் நின்றது.