பதினோராவது கட்டம்

நகரசபை விண்ணப்பப் படிவத்தில்
பதினோராவது கட்டம்: விசேட திறன்கள்.
இரண்டு கோடு விட்டிருக்கிறார்கள்.
கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில்
என் கையெழுத்துக்கு இடம் காணாது.
அதைத்தான் முதலில் கவனித்தேன்.
அதுவும் ஒரு திறன்தான்,
எழுத முடியாது.

மூன்று வருடம்
பாடசாலைச் சஞ்சிகைக்கு அட்டை செய்தவள் நான்.
'கழிமுகம்' என்று பெயர்.
மூதூர்ப் பக்கம் மகாவலி கடலில் இறங்குவதை நினைத்து
எங்களுக்கு முந்தின யாரோ வைத்தது.

முதல் அட்டையில் இல்லாதது இல்லை.
கப்பல், வெளிச்சவீடு, விரித்த புத்தகம்,
புத்தகத்திலிருந்து கிளம்பும் புறா,
புறாவின் அலகில் பேனா,
பேனா முனையில் சூரியன்,
சூரியனுக்குள் பாடசாலை இலச்சினை.
சதுர்ஷிகா பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"கடலுக்கு மட்டும்தான் இடம் காணேல்லை."

உவர்மலையிலிருந்து சைக்கிளில் இறங்கி
மத்திய வீதி அச்சகத்தில் பென்டிரைவை நீட்டினேன்.
அவர்களிடம் என் எழுத்துரு இல்லை.
தலைப்பு திறந்தபோது
ஆங்கில எழுத்துகள் பஸ் விட்டு இறங்கின மாதிரி
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.
என் திரையில் நான் கண்டதையே
ஊரும் காணும் என்று நம்பக்கூடாது.
இதை எந்தச் சான்றிதழில் சேர்ப்பது?

நீலமும் அப்படித்தான் ஏமாற்றியது.
டச்பேயில் காலை ஆறரைக்கு எடுத்த படம்.
திரையில் கடல்,
மையில் கத்தரிக்காய்.
எண்ணூறு பிரதி கத்தரிக்காய்க் கடல்.
அதிபர் மட்டும்
"வித்தியாசமா இருக்கு பிள்ளை" என்றார்.

இரண்டாம் வருடம் ஃபர்ஸான் சொன்னான்,
கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வருபவன்,
வெட்டும் மெஷின் அவன் பொறுப்பு:
"ஓரத்துக்கு மூண்டு மில்லிமீற்றர் ப்ளீட் விடோணும்."
ப்ளீட் எண்டால்?
"ரத்தம் வடியிறது."
படம் கோட்டோடு நிற்கக்கூடாது,
கோட்டைத் தாண்டி வெளியே கசியவேண்டும்,
அப்போதுதான் வெட்டின இடம்
வெள்ளையாய்த் தெரியாது.
இந்த ஊரில் இதை ஆருக்கும்
விளங்கப்படுத்தத் தேவையில்லை என்று நினைத்தேன்.
அவனும் நினைத்திருப்பான்.
இரண்டு பேரும் அளவுகோலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கசிய விட்டேன். தலைப்பைத்தான்
வலது ஓரத்துக்குக் கிட்ட வைத்துவிட்டேன்.
கத்தி இறங்கிய முதல் மாதிரியில்
முகம் போய்விட்டது.
மிச்சம்: கழி.

அந்தத் துண்டை இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.
கணக்கு ரீச்சர் கரும்பலகையில் இட்ட கட்டளை போல
இரண்டே எழுத்து.

மூன்றாம் வருடம் கழித்தேன்.
புறாவை, பேனாவை, சூரியனை.
கப்பலை எடுக்கும்போது கொஞ்சம் கை நடுங்கியது.
கடைசியில் மிஞ்சியது
இறங்குதுறைக் கட்டையில் சுற்றிய ஈரக் கயிறு,
கீழே முக்கால் பக்கம் ஒன்றுமில்லை.

"இடம் சும்மா கிடக்கே,
அனுசரணை தந்த கடையின்ர சின்னத்தைப் போடுவம்,"
என்றார் விக்னராஜா சேர்.
வெறுமை, மூச்சு, கண் இளைப்பாறும் இடம்
என்று தொடங்கிப் பார்த்தேன்.
சேர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
"மை மிச்சம் சேர். செலவு குறையும்."
உடனே சம்மதித்தார்.
ஆருக்கு எந்தக் காரணம் என்று அறிவது
மூன்று வருடத்தில் நான் படித்த
ஆகப் பெரிய வடிவமைப்பு.

விற்காத கத்தரிக்காய்க் கடல்கள்
அச்சகத்துப் பின்சுவரில் அடுக்கிக் கிடந்தன.
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்து
ஒவ்வொரு அட்டையாய் இழுத்துத் தின்றது,
புறாவோடு, இலச்சினையோடு,
ஒரு அபிப்பிராயமும் சொல்லாமல்.
அதைவிட நல்ல வாசகர் எனக்கு வாய்க்கவில்லை.

சரி, படிவம்.
முதல் கோட்டில் எழுதினேன்:
கணினி அறிவு உண்டு.
இரண்டாவதைச் சும்மா விட்டேன்.
இடப்பக்கம் கோப்புக்குத் துளை போடுவார்கள்,
ஒரு விரல் உள்ளே தள்ளித்தான்
தொடங்கியிருக்கிறேன்.