இரண்டு நிமிட மௌனம்

மணியை அடக்க ஒரு பொத்தான் உண்டு.
மணிப் படத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு.
அமுக்கினால் இரண்டு நிமிட மௌனம்,
இறந்தவருக்காக எழுந்து நிற்போமே, அதே அளவு.
யார் வைத்த கணக்கோ, கேட்டதில்லை.

ஈரோடு, மூன்றாம் மாடி,
பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை.
பதினோரு பெட்டிகள். இரவுக்கு நாங்கள் மூவர்.
பெயர் தேடும் முன்பே வந்துவிட்டவர்கள்.
அட்டையில் அம்மா பெயர்தான் இருக்கும்:
சுகந்தியின் குழந்தை. மெகருன்னிசாவின் குழந்தை.
சஸ்மிதாவின் குழந்தை, ஒன்று.
சஸ்மிதாவின் குழந்தை, இரண்டு.

ஓர் இரவு மருந்துச் சீட்டின் முதுகில்
கோடு போட்டு எண்ணினேன்,
நாலு நெட்டுக்கு ஒரு குறுக்கு, பால் கணக்கு மாதிரி.
விடிந்தபோது நானூற்றுப் பன்னிரண்டு.
அதில் நிஜம் ஒன்பது.
மிச்சமெல்லாம்
காலை உதைத்ததில் கழன்ற பட்டை,
விக்கல்,
பசை காய்ந்த ஒட்டு,
தூக்கத்தில் ஒரு நெளிவு.
ஒன்பதுக்காக நானூற்றுப் பன்னிரண்டு முறை எழ வேண்டும்.
எழுந்தாயா என்று மட்டும் கேட்காதீர்கள்.

டாக்டர் பிரமிளா எதையும் அணைக்கவில்லை.
பெட்டி பெட்டியாக நின்று
இதற்கு எது கீழ், எது மேல் என்று பார்த்து எல்லை குறித்தார்.
நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை
பட்டையைக் கால் மாற்றிக் கட்டச் சொன்னார்.
நானூறு, நூற்றெழுபது ஆனது.

மேல் எல்லைதான் ஏமாற்றும்.
தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது:
பரீட்சை மார்க் என்றால் மிட்டாய் கொடுப்போம்.
ஆறரை மாதத்தில் பிறந்து
குழாயில் காற்று வாங்கும் சிசுவிடம்
அது கண்ணைக் கேட்கும் எண்.
அந்த மணி மஞ்சளில், மெதுவாகத்தான் அடிக்கும்.
அதற்கும் எழ வேண்டும்.
ஒரு நூல் குறைக்க வேண்டும்.

வீட்டில் குக்கர் விசில் வந்தால்
என் கட்டைவிரல் தானாக நீளும்.

சுகந்தி வியாழக்கிழமை வீட்டுக்குப் போனாள்.
தொள்ளாயிரம் கிராமில் வந்தவன்
ஒன்றே முக்கால் கிலோவில் போனான்.
பள்ளிபாளையம், தறிக்கொட்டகைக்கு ஒட்டின வீடு.
ஞாயிறு ராத்திரி ரெண்டு மணிக்கு வார்டு போன்.

"அக்கா, தறி நின்னு போச்சுங்க."
கரண்ட் போச்சா என்றேன்.
"இல்லீங்க, ஞாயித்துக்கெழமை லீவுங்க.
ஒரு சத்தமும் இல்லீங்க. பயமா இருக்குதுங்க.
அப்புனு மூச்சு விடறானான்னு
மூக்குகிட்ட வெரலை வெச்சுட்டே உக்காந்திருக்கறேன்.
அங்கத்த சத்தத்தைக் கொஞ்சம் கேக்க வைக்கறீங்களா?"

சிரிக்க வாயெடுத்தேன்.
ஏழாம் பெட்டி சிவப்பில் கத்தியது.
போனை மேசையில் போட்டுவிட்டு ஓடினேன்.
பட்டை சரியாகத்தான் இருந்தது.
உதட்டோரம் நீலம்.
உள்ளங்காலில் சுண்டினேன். மறுபடி சுண்டினேன்.
ஐம்பத்தெட்டு.
முதுகை நீவினேன்.
அறுபத்திரண்டு.
ஆழக்கிணற்றில் வாளி ஏறுகிற மாதிரி
ஏறி, நின்று, கொஞ்சம் வழுக்கி, ஏறி
தொண்ணூற்றொன்று.

திரும்பி வந்தால் அவள் இன்னும் போனில் இருந்தாள்.
"அந்தக் கொழந்தைக்கு என்னாச்சுங்க?"
"மூச்சை..." என்று ஆரம்பித்துவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
"மூச்சு விடுது சுகந்தி. மூச்சு விடுது."
நம் மொழியில் ஓர் ஐகாரம்தான் தூரம்.

அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.
போனை மேசையில் நிமிர்த்திச் சாய்த்து வைத்தேன்,
பதினோரு பெட்டிகளும் அதற்குக் கேட்கும்படி.

ஐந்தரை மணிக்கு
அந்தப் பக்கம் தூக்கம் கேட்டது,
ஒன்று நீளமாக, ஒன்று பொடிசாக.
அப்போதுதான் போனும் கீச்சென்று கத்தியது:
பேட்டரி நாலு சதவீதம்.
கட்டைவிரல் நீண்டது.
அமுக்கவில்லை.
சார்ஜரைத் தேடப் போனேன்.