இஸ்திரிப் பெட்டி

எட்டு வயதுக்கு இருபத்துநாலு பக்கம்.
பக்கத்துக்கு நாற்பது சொல்.
பதிப்பாளர் நிமலரூபன் தொலைபேசியில்,
பின்னால் மருதானைச் சந்தியின் ஹோர்ன் சத்தம்:
"யுத்தம் இருக்கட்டும். யூதர் இருக்கட்டும்.
சாவு மட்டும் வேண்டாம், வதனி."

ப்ரெஸ்லாவ் என்ற ஊரை நான் கண்டதில்லை.
வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில்,
கடலுப்பில் துருவேறிய கம்பிக்கு இப்பால் இருந்து
அங்கே பனி பெய்விக்கிறேன்.
லோரே. வயது ஒன்பது. ஒரு கனேரிக் குருவி.
குருவிகூட வைத்திருக்கக் கூடாதென்று சட்டம் வந்த அன்று
அவள் கூண்டைத் துடைக்கிறாள்,
கொண்டுபோய்க் கொடுக்கையில் அழுக்காக இருக்கக் கூடாதே.

நட்சத்திரத்தை அவர்களே காசு கொடுத்து வாங்கித் தைக்கவேண்டும்.
ஒன்று பத்துச் சதம் என்று எழுதினேன்.
வெட்டினேன். இங்கே பிள்ளைகளுக்குச் சதம் தெரியாது,
ரூபாயே இப்போது மிச்சக்காசுக்குப் பதில் தரும் டொபி.

படம் கீறுபவன் துவான் ஃபஹ்மி, கொம்பனித்தெரு.
ஐந்து முனையில் கீறி வந்தான்,
நத்தார்க் கடைகளில் தொங்குவதுபோல்.
ஆறு முனை, என்றேன்.
"முருகன் கோயில் யந்திரத்தில இருக்குமே, அதா?"
அதுதான். அதேதான். அதுவல்ல.
ரயிலையும் தனக்குத் தெரிந்தபடி கீறியிருந்தான்:
வாசலில் தொங்கும் பெடியன்கள், காற்றில் உப்பிய ஷேர்ட்,
பாணந்துறைக்குப் போகிற மாதிரி.
கதவு வெளியிலிருந்து பூட்டு, ஃபஹ்மி.
"அப்ப முகங்களை எங்க கீறுறது?"
கீறாதே.

ஒன்பதாம் பக்கத்தில் மூன்று மாதம் நின்றேன்.
அரை மணித்தியாலம். ஒரு பை.
லோரேயின் தாய் எதை எடுப்பாள்?

எனக்குத் தெரிந்த அரை மணித்தியாலம் ஒன்றுதான்.
இரண்டாயிரத்து ஏழு, ஜூன், இன்னும் விடியவில்லை,
லொட்ஜ் கதவில் தட்டுகிறார்கள். சாமானை எடு, பஸ் நிற்குது.
பொலிஸ் பதிவுத் துண்டைக் காட்டினேன்.
அதைப் பார்த்துத்தான் வந்திருந்தார்கள்.
சான்றிதழ்க் கோவை கட்டிலுக்கடியில் கிடந்தது,
வங்கிப் புத்தகம் தலையணை உறைக்குள்.
நான் எடுத்தது இஸ்திரிப் பெட்டியை.
அன்று ஒன்பது மணிக்கு ஒரு நேர்முகம்,
நாலரைக்கே எழும்பிச் சட்டை தேய்த்திருந்தேன்.
துவாயில் சுற்றி மடியில் வைத்தேன்.
குருநாகல் தாண்டும்வரை தொடையில் அதன் சூடு இருந்தது
என்றுதான் ஞாபகம்; இருந்திருக்க முடியாது.

எங்கள் பஸ் திரும்பி வந்தது.
நீதிமன்றம் சொன்னது, திரும்பி வந்தது.
இதை விடாமல் எழுதவேண்டும்:
எங்கள் பஸ் திரும்பி வந்தது.
லோரேயின் ரயிலோடு அதை ஒரே தராசில் வைக்கிற கை
என்னுடையதாக இருக்கக் கூடாது.
பெட்டியை மட்டும் அவள் தாயிடம் கொடுத்தேன்.

பிறகு வாசித்தேன், மின்சாரச் சாமான்களை
முன்னரே பறித்துவிட்டார்களாம்.
ஆகவே வயரை வெட்டினேன்.
அடுப்பில் வைத்துச் சூடாக்கும் பழைய இரும்பாக்கினேன்.
நிமலரூபனின் சிவப்புப் பேனை ஓரத்தில்:
யாராவது இதை எடுப்பார்களா? பிள்ளைகள் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.

சிரித்தார்கள். பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளி,
நாலாம் வகுப்பு, காற்றாடி ஓடாத மண்டபம்.
குருவிக்கு என்ன நடந்தது என்றாள் ஒருத்தி.
தெரியாது என்றேன். அவளுக்கு என்னில் கோபம்.
சப்பாத்து நாடா அவிழ்ந்த ஒருவன்
நான் பார்க்கும்வரை கையை இறக்கவில்லை.
"மிஸ், அவையள் போன இடத்தில
அதைச் சூடாக்க அடுப்பு இருந்ததா?"

கடற்பக்கமாக ஒரு ரயில் போனது.
நீளமான ரயில். நல்லகாலம், நீளமான ரயில்.
அது போய் முடிந்த பிறகும்
அவன் கை அப்படியே நின்றது.