வலது கையில் அரை அரிசி

கழுத்தில் நாலு இருக்குமாம், அரிசி அளவில்.
என்னுடையவை புளியங்கொட்டையாக வீங்கியிருந்தன.
மூன்றரையை எடுத்துவிட்டு
மிச்ச அரையை
வலது முன்கைத் தோலுக்கடியில் நட்டார்கள்.
இடது கையில் இடமில்லை.
டயலிசிஸ் காலத்து நரம்பு அங்கே இன்னும் இரைகிறது,
அணைக்க மறந்த வள்ளத்து எஞ்சின்போல.

ஆகவே கணக்கெழுதும் கைக்குள்தான் அது.
ஐஸ் கொம்பனியில்
இத்தனை கட்டி, இத்தனை படகு, இத்தனை கடன் என்று
நான் எழுதும்போதெல்லாம்
அதுவும் உள்ளே ஏதோ எழுதுகிறது.
மாதக் கடைசியில் என் கணக்குச் சரி.
அதன் கணக்கு
இரண்டு தசம் எட்டு ஒன்பது.

டொக்டர் றிஸ்மினா பேனையை மூடினார்.
"தாகமா?" ஓம்.
"இரவில எத்தனை தரம் எழும்புறீங்க?"
நாலு. ஐந்து எண்டும் சொல்லலாம்.
"மலச்சிக்கல்?"
பக்கத்து வாங்கில் கிண்ணியா முபீத் இருந்தார்.
தலையை மட்டும் ஆட்டினேன்.
"மறதி?"
போன கிழமை உவர்மலை ஏற்றத்தில் நின்று
வீடு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
ஒரு ஓட்டோக்காரனிடம் கேட்டேன்.
அதைச் சொல்லவில்லை.
"கல்சியம் குளிசைய நிப்பாட்டினீங்கதானே?"

அந்த மூன்றாம் இரவை
அவருக்கு எப்படிச் சொல்வது.
வருஷக்கணக்காய்ப் பட்டினி கிடந்த எலும்புகள்
இரத்தத்தில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டன.
உதடு விறைத்தது.
விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி
கொக்கின் அலகாய் மடங்கின.
கண்டி வார்டில், என் மொழி தெரியாத தாதி ஒருத்தி
மருந்து ஏறி முடியும்வரை
என் கையைத் தன் மடியில் வைத்து
விரல் விரலாகப் பிரித்தாள்.
அன்றிலிருந்து என் பையில் ஒரு போத்தல்.
பயத்துக்கு ஒன்று.
பிறகு நித்திரைக்கு ஒன்று.
பிறகு பஸ் ஏறினால் ஒன்று.

மேசையில் கொட்டினேன்.
உடைந்த சோக்குபோல் பத்தொன்பது.
அவர் ஏசவில்லை.
"கல்லாப் படிஞ்சா உங்கட கிட்னியிலதான் படியும்."
உங்கட என்ற சொல்தான் சுட்டது.
அது யோகசீலனுடையது.

உப்புவெளிக் காணிச் சண்டையில்
அண்ணன் என்னோடு கதைத்து ஏழு வருஷம்.
கண்டிக்கு வந்தார், கையெழுத்து வைத்தார்,
தந்தார், தையல் காயமுன் பஸ் ஏறினார்.
பிறகும் கதைக்கவில்லை.
கிளினிக் நாளில் மட்டும் போன் வரும்.
"அது எப்படி?"
"சுகமாயிருக்கு" என்பேன்,
வாடகைக்கு இருப்பவள்
சுவரைப் பற்றிச் சொல்வதுபோல.

இன்றைக்குச் சொன்னேன்.
"ஒளிச்சுக் குளிசை போட்டனான்.
கல்சியம் கூடிட்டுது. அதுக்குக் கூடாதாம்."
அந்தப் பக்கம் கடை ரேடியோ, மீன் விலை, ஒரு இருமல்.
வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.
"தண்ணி குடிக்கிறியா?"

குடிக்கிறியா.
ஏழு வருஷத்தில்
எனக்கென்று வந்த முதல் வினைச்சொல்.

மூன்று லீற்றர். இந்த வெயிலுக்கு நாலு.
கோட்டை வாசலால் நடந்தேன், போத்தலோடு.
வழமைபோல் மான்கள், சொப்பிங் பையை மேய்ந்தபடி.
ஒன்று மட்டும் தள்ளி நின்றது,
கொம்பு விழுந்து வெறும் தலையோடு ஒரு கிழக்கலை.
எதுவோ உதிர்த்த கொம்பொன்றை
வாயில் குறுக்கே வைத்து
நறநறவென்று மென்றது.
சுண்ணாம்புதானே அதுவும்.
எந்த இடத்தில் போதும் என்று அதற்கு யார் சொல்வது?
கொஞ்ச நேரத்தில் போட்டுவிட்டுப் போனது,
பாதி மெல்லாமலே.

இரண்டு கிழமையில் திரும்ப இரத்தம்.
இறங்கினால் குளிசையின் பிழை, அதாவது என் பிழை.
இறங்காவிட்டால் அந்த அரை அரிசியின் பிழை,
கையைத் திரும்பக் கீறுவார்கள்.
என் பிழையாக இருக்கட்டும் என்று
வாழ்க்கையில் முதல் தரம் வேண்டிக்கொள்கிறேன்.

போத்தல் மூடி இறுகிக் கிடக்கிறது.
வலது கையால்தான் திறக்க வேண்டும்.